இரண்டு பயணத்துக்கு நடுவிலை ஒரு அந்தியேட்டி

மயிலிட்டித் துறையிலை போய் நிண்டு, அருமைநாயகியக்காவின்ரை வாயாலை ஆரைப் பற்றியாவது ஒரு நல்ல சொல்லு வாங்கிக்கொண்டு வாருங்கோ பாப்பம். ஏலாது. மீனை ஏலம் கூறுறவன் கள்ளன். ஐஸ் பெட்டியோடை லொறியிலை வாறவன் அவனுக்கு மேலாலை கள்ளன். ஊர் அலுவல் பாக்கிற விதானையாருக்கு மண்டைக்குள்ளை ஒண்டுமில்லை. பக்கத்து வீட்டு மனிசி கறிக்கு உப்புக் காணுமோ எண்டு பாக்கவும் ஊரைக் கூப்பிடுற ஆள். பெத்த மகன் கோகுலனைப் பற்றிக் கேட்டால், "உதோ? உது கடலைக் கண்டால் சத்தி எடுக்கிற பிறவி. என்ரை வயித்திலை எப்பிடி வந்து பிறந்துதோ, ஆருக்குத் தெரியும்" எண்டுவா. கோகுலன் அங்கினைதான் தன்ரை ஓட்டோவைத் துடைச்சுக்கொண்டு நிப்பான். பிறந்த நாளிலை இருந்து கேக்கிற கதை, அவனுக்குக் காதிலை ஏறாது.

அவவைப் பிழை சொல்லவும் ஏலாது. தொண்ணூறாம் ஆண்டு சண்டையிலை ஊரோடை சேத்துக் கலைபட்டு, மல்லாகத்து முகாமிலை தகரத்துக்குக் கீழை கிடந்து வெந்தவ. தாலி கட்டின மனிசன் கோகுலன் தவழுற வயசிலை நெஞ்சுக்குத்து எண்டு படுத்தவர், பிறகு எழும்பேல்லை. ஆமி ஊரைத் திரும்ப விட்டவுடனை முதல் ஆளா வந்து, பத்தையை வெட்டி, கிணத்தை வைச்சுத் தன்ரை வளவு எது எண்டு மட்டுக்கட்டி, அதிலையே குந்தினவ. விடியக் கடற்கரை. பிறகு கடகத்தோடை தெல்லிப்பழைப் பக்கம் வீடுவீடா மீன். வித்துப்போட்டு வந்து, கட்டிலோடை கிடந்த தாய் நல்லம்மாவுக்குக் கஞ்சி பருக்கி, துடைச்சு, புரட்டிப் படுக்கவைக்க வேணும். புண் வராமல் பாத்தா எண்டு ஆஸ்பத்திரி நேர்ஸே சொன்னது. நேர்ஸ் ஒரு நாள் புகழ்ந்ததுக்கும் அக்கா, "உவவுக்கு வேலை மிச்சமெண்ட சந்தோசம்" எண்டுதான் சொன்னா.

அந்த நல்லம்மா மனிசி ஒரு நாள் எண்டாலும் மகளைப் பாத்து நீ சாப்பிட்டியோ எண்டு கேட்டவ இல்லை. "சின்னவன் போன் எடுத்தவனோ?" விடியவும் அதுதான், பொழுதுபடவும் அதுதான். சின்னவன் எண்டது ஜெயசுதன். கடைக்குட்டி. லண்டனிலை பெரிய உத்தியோகம், பெரிய வீடு. ஆனால் பெரிய மனம் எண்டு மட்டும் நான் சொல்லமாட்டன். மாதத்திலை ஒருக்கா வீடியோவிலை முகத்தைக் காட்டுவான். கிழவி அந்தப் போனைத் தடவிக்கொண்டு கிடக்கும். பக்கத்திலை நிண்டு அந்தப் போனைப் பிடிச்சுக்கொண்டிருக்கிற கையை ஒருக்காலும் தடவினதில்லை.

எங்கடை முறையிலை தாய்க்குக் கடைசி ஆம்பிளைப்பிள்ளைதான் செய்யவேணும். கிழவி படுக்கையிலை கிடந்து அதையேதான் கேட்டது. "எனக்கு அவன்தான் செய்யவேணும். நீ ஆரையும் பிடிச்சு இருத்திப்போடாதை." "ஓமணை. அவன் வருவான். நான் செய்விக்கிறன்" எண்டு அருமைநாயகியக்கா தாயின்ரை கையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டா. பிறகு மனிசி கண்ணை மூடிட்டுது. ஜெயசுதன் வரேல்லை. லீவு இல்லையாம். கோகுலன்தான் கொள்ளி வைச்சான். அக்காவுக்கு அண்டைக்கு அழுகையும் வரேல்லை, ஆத்திரம்தான் வந்தது. சாம்பலை ஒரு சின்னப் பானையிலை அள்ளி, வெள்ளைத் துணியாலை வாயைக் கட்டி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எண்டு வைச்சா. அதையாவது அவன் வந்து தன்ரை கையாலை கடலிலை விடவேணும். இல்லையெண்டால் செத்த மனிசிக்குக் குடுத்த சொல்லு போச்சு. அவவுக்கு இந்த உலகத்திலை அப்ப வேண்டிக் கிடந்தது அது ஒண்டுதான்.

போன் எடுத்துக் கேட்டா. "முப்பத்தொண்டு எண்டைக்கு அக்கா வருகுது?" எண்டான். சொன்னா. வாய்க்குள்ளை நாளை எண்ணிப் பாத்தான். பிறகு ஆள் சிரிக்கிற சத்தம். "அட! அண்டைக்குத்தான் எங்கடை கப்பல் காங்கேசன்துறையிலை திரும்புது!"

"என்ன கப்பல்?"

விசயம் இதுதான். அவனும் பெண்சாதி கஜந்தினியும் உல்லாசக் கப்பலிலை போக ஒரு வரியத்துக்கு முன்னமே பதிஞ்சு வைச்சவையாம். ஒண்டில்லை, ரெண்டு பயணம், ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு, அதே கப்பல், அதே அறை. முதல் பயணம் காங்கேசன்துறையிலை முடியுது. மற்றது அண்டு பின்னேரம் அங்கையிருந்தே வெளிக்கிடுது. நடுவிலை பகல் சும்மா கிடக்கு. அதுக்குள்ளை தாயின்ரை அந்தியேட்டியைச் செருகிப்போடலாம். "பாருங்கோ அக்கா, அம்மா நாள் பாத்துத்தான் போயிருக்கிறா."

"அம்மா உன்ரை கப்பல் நேரத்தைப் பாத்தே செத்தவ? செத்தவீட்டுத் துடக்கோடை என்னண்டடா உல்லாசத்துக்குப் போவாய்?"

"கடலிலை துடக்கு இல்லை அக்கா. கஜந்தினி விசாரிச்சவ."

"ஆரிட்டை விசாரிச்சவ? திமிங்கிலத்திட்டையோ?"

அவன் சிரிச்சுச் சமாளிச்சுப்போட்டுப் போனைப் பெண்சாதியிட்டைக் குடுத்திட்டான். கஜந்தினியைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல. உடுவில் பக்கத்துப் பெட்டை, படிச்சது, வடிவானது, ஆனால் கதைக்கேக்கை எங்களுக்குக் காது கேக்காது எண்டு நினைச்சு மெல்ல மெல்லப் பிரிச்சுப் பிரிச்சுக் கதைக்கும். "மச்சாள், உங்களுக்கு விளங்கிறமாதிரிச் சொல்லுறன் என்ன. ஒரு பயணம் முடிஞ்சு மற்றது தொடங்கிற நாள் எண்டால் அது ஒரு தனி நாள். வீட்டை போறவை எல்லாரும் முதல்நாளே பெட்டியைக் கதவுக்கு வெளியிலை வைச்சிடுவினம். விடிய நம்பர் நம்பராக் கூப்பிட்டு இறக்குவினம். எல்லா அறையிலையும் படுக்கை விரிப்பு உருவி, தோய்ச்சு, புதுசு போடுவினம். எங்களைப் போலை தொடர்ந்து போறவை ஒண்டும் கட்டத் தேவையில்லை. ஒரு பெரிய மண்டபத்திலை வந்து இருக்கவேணும். பழைய அட்டையை வாங்கிப்போட்டு, படம் எடுத்துப் புது அட்டை தருவினம். பாஸ்போட் பாப்பினம். கடைசி ஆள் இறங்கி, கப்பலிலை பழைய ஆள் ஒருத்தரும் இல்லை எண்டு கணக்கு வந்தால்தான் எங்களை விடுவினம். பிறகு கப்பல் முழுக்க எங்களுக்குத்தான்! நீச்சல் குளத்திலை ஒரு குருவி இல்லை. இருக்கேக்கை ஆரஞ்சுச் சாறும் தருவினம்."

அருமைநாயகியக்கா பொறுமையாக் கேட்டா. பிறகு சொன்னா: "அப்ப இருக்கிற இடத்திலையே இருக்கிறதுக்கு, ஒரு அட்டையைக் குடுத்து ஒரு அட்டையை வாங்கி, தலையை எண்ணுவிச்சுப்போட்டு வரிசையிலை இருக்கவேணும். பிள்ளை, எங்களுக்கு உதை முகாமிலை எத்தினையோ வரியம் சும்மா செய்தவங்கள். ஆரஞ்சுச் சாறு மட்டும்தான் தரேல்லை."

கஜந்தினிக்கு அது விளங்கேல்லை. "ஓம் மச்சாள், அதேதான்" எண்டுது.

முப்பத்தோராம் நாளும் வந்தது. கீரிமலையிலை கேணிக்குப் பக்கத்து மடத்திலை, விடிய வெள்ளனவே அக்காவும் கோகுலனும் சாமான் சக்கட்டோடை போய் இருந்தாச்சு. அந்தப் பக்கம் திரும்பினால் கடல். கடலுக்கு அங்காலை, காங்கேசன்துறைப் பக்கம், வெள்ளையா ஒரு மாடிக்கட்டிடம் தண்ணியிலை நிண்டுது. அதுதான் கப்பலாம். "கப்பலோ உது? ஆஸ்பத்திரியைப் பேத்துக் கொண்டந்து கடலிலை வைச்சமாதிரிக் கிடக்கு" எண்டா அக்கா. அவவின்ரை தேப்பன், பாட்டன் எல்லாம் கடலோடினவை. காசு குடுத்துக் கடலுக்குப் போற ஆக்களை அவவுக்குச் சென்மத்திலை விளங்காது.

குருக்கள் ஐயாவுக்கு அண்டைக்கு நல்ல வேலை. ஒரு வீட்டுக்காரர் எழும்ப, இடத்தைக் கூட்டி, தண்ணி தெளிச்சு, அடுத்த வீட்டுக்காரரை இருத்திறார். மந்திரம் அதே மந்திரம், பேர் மட்டும்தான் மாறுது. அக்காவையின்ரை முறை வந்தது. ஜெயசுதன் வரேல்லை. கோகுலன் போன் போட்டான். மண்டபத்திலை இருக்கிறானாம். எல்லாரும் இறங்கியாச்சாம், ரெண்டு பேரைக் காணேல்லையாம். அந்த ரெண்டு பேரும் இறங்கினால்தான் கணக்குச் சரி வருமாம். ஒலிபெருக்கியிலை பேர் சொல்லிக் கூப்பிடுகினமாம்.

"எங்கை போச்சுதுகளாம் அந்த ரெண்டு கோதாரியும்?"

"ஆரோ வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியுமாம் அம்மா. எங்கையோ நித்திரையாக்கும்."

"உந்தக் கண்டறியாத கப்பலிலை நித்திரை கொள்ளுற கிழவிக்காக, செத்துப்போன என்ரை கிழவி காத்துக்கிடக்கவேணுமோ?"

குருக்கள் ஐயா நல்ல மனிசன், அவரும் அந்தரப்பட்டார். பின்னாலை நாலு வீட்டுக்காரர் நிக்கினம். "அம்மா, இப்ப எல்லாம் வீடியோவிலையும் செய்யிறம். போனை இந்தப் பலகையிலை சாத்திவைச்சால் பிள்ளை அங்கை இருந்து சொல்லுவார். இஞ்சை பேரன் கையாலை செய்யட்டும். கனடாவுக்கும் நோர்வேக்கும் இப்பிடி எத்தினை செய்திருக்கிறன்."

"ஐயா, நீங்கள் உங்கடை தட்சணையையும் போனிலை வாங்குவியளோ?" எண்டு அருமைநாயகியக்கா கேட்டா. ஐயா பின்னாலை நிண்டவையை முன்னாலை விட்டார். ஒரு வீடு, ரெண்டு வீடு, மூண்டு வீடு. பானையை மடியிலை வைச்சுக்கொண்டு அக்கா ஒரு தூணோடை குந்தினபடி இருந்தா. வெயில் ஏறிட்டுது. எத்தினையோ வீட்டுப் பிள்ளையள் வந்து இருந்து அழுது எழும்பிப் போச்சுதுகள்.

ஒருமாதிரி அந்த வெள்ளைக்காரச் சோடியைக் கண்டுபிடிச்சிருப்பினம். உச்சிப் பொழுது திரும்பமுன்னம் ஒரு வாடகை வானிலை வந்து இறங்கினான் ஜெயசுதன். முழங்காலுக்கு மேலை காற்சட்டை, பூப்போட்ட சேட்டு, கழுத்திலை ஒரு நாடா, நாடாவிலை புது அட்டை. தனியாத்தான் வந்தவன். "கஜந்தினி எங்கை?" "அவவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது அக்கா. கப்பலிலை நிக்கிறா." நீச்சல் குளத்திலை குருவி இல்லாத நாளெல்லோ. விடுவாவோ?

வேட்டி கட்டினான். தலை வழிக்கிற மனிசன் கத்தியோடை வந்து பக்கத்திலை குந்தினார். அவன் கையை மேலை தூக்கினான். "அக்கா, ஒரு சின்னப் பிரச்சினை. இண்டைக்கு விடியத்தான் புதுப் படம் எடுத்தவங்கள். தலைமயிரையும் மீசையையும் எடுத்தால் அட்டையிலை இருக்கிற ஆள் நானில்லை எண்டு வரும். வாசலிலை விடமாட்டாங்கள். ஒரு கத்தை வெட்டினால் காணாதோ? அடையாளத்துக்கு?"

சனம் எல்லாம் பாக்குது. குருக்கள் ஐயா கடலைப் பாக்கிறார். அக்கா எழும்பி அவனுக்குக் கிட்டப் போனா. கத்தேல்லை. அதுதான் பயம், கத்துற மனிசி கத்தாமல் விட்டால்.

"தம்பி, நீ பிறந்தவுடனை பாரமில்லை, இது தப்பாது எண்டு சனம் சொன்னது. அம்மா உன்னைக் கீழை வைக்கேல்லை. குசினியிலை வைக்கேல்லை, கிணத்தடியிலை வைக்கேல்லை, ஒரு மாரி முழுக்கக் கையிலைதான். நான் பாத்தனான், நான்தான் அவவுக்குச் சோறு தீத்தினனான். அந்த மனிசிக்கு மயிர் குடுக்க உனக்கு அட்டை தடுக்குதோ? அப்ப எழும்பு. எழும்பிப் போய் உன்ரை ஆரஞ்சுச் சாறைக் குடி. நான் கோகுலனை இருத்திறன், அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்ளுறன்."

அவன் கண்ணாடியைக் கழட்டி அக்காவின்ரை கையிலை குடுத்தான். "வழியுங்கோ" எண்டான்.

உண்மையைச் சொல்லவேணும், எனக்கு அவனைப் பிடிக்காட்டிலும் சொல்லவேணும். மொட்டையும் வழிச்சு மீசையும் போனாப் பிறகு அந்த முகத்திலை லண்டன் இல்லை. சின்ன வயசிலை சிரங்குக்கு மொட்டை அடிச்சுவிட்ட அந்தப் பெடியன்தான் இருந்தான். கேணியிலை முழுகி வந்து இருந்தான். தாயின்ரை நட்சத்திரம் கேட்ட இடத்திலை முழிச்சான், அக்கா சொன்னா. பாட்டன்ரை பேர் கேட்ட இடத்திலை முழிச்சான், அக்கா சொன்னா. பிண்டம் வைக்கேக்கை மட்டும், ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமல், "அம்மா" எண்டு அழுதான். உடம்பெல்லாம் குலுங்கி அழுதான். அது பொய்யழுகை இல்லை. சரி, சொன்ன சொல்லைக் காப்பாத்தியாச்சு எண்டு அருமைநாயகியக்காவுக்கு நெஞ்சு ஆறினது.

இனிப் பானையைக் கடலிலை விடவேண்டியதுதான் மிச்சம். படிக்கட்டிலை அண்டைக்கெண்டு சரியான சனம். முன்னாலை விட்ட வீட்டுக்காரர் எல்லாரும் பானையோடை வரிசையிலை நிக்கினம். ஜெயசுதன்ரை போன் அடிச்சது, அடிச்சபடி இருந்தது. கஜந்தினி. கப்பலிலை உயிர்காப்புச் சட்டை போட்டுப் பழக்கிறதாம், பழைய ஆக்களும் திரும்ப வந்து நிக்கவேணுமாம், வராத ஆளை இறக்கிப்போடுவினமாம். அவன் அக்காவைப் பாத்தான், வரிசையைப் பாத்தான், கப்பலைப் பாத்தான்.

"அக்கா, ஒண்டு சொல்லட்டே? கரையிலை விட்டால் சாம்பல் திரும்பத் திரும்ப அலையோடை காலுக்குள்ளைதானே வருகுது. நான் கொண்டுபோறன். கப்பல் இருட்டுறதுக்கிடையிலை வெளிக்கடலுக்குப் போயிடும். எங்கடை அறைக்குப் பல்கனி இருக்கு. அங்கை நிண்டு, ஆழத்திலை, என்ரை கையாலை விடுறன். அப்பா கிடக்கிற இடத்திலை."

உதைத்தான் அவன் சொல்லியிருக்கக்கூடாது. நல்லம்மாவின்ரை புருசன் தம்பிராசா ஒரு வாடைக்காலத்திலை வள்ளத்தோடை போனவர், வள்ளத்தின்ரை பலகை ஒண்டுதான் கரைக்கு வந்தது. ஜெயசுதன் அப்ப கைப்பிள்ளை. நல்லம்மா சாகுமட்டும், காத்து அடிச்சால், "அந்த மனிசன் ஆழத்திலை தனியக் கிடக்குது" எண்டு சொல்லும். கடற்கரையிலை ஆரும் சாம்பல் பானையைத் தன்ரை வள்ளத்திலை ஏத்தமாட்டான், தொழிலுக்கு ஆகாது எண்டு பயம். அதாலை அப்பிடி ஒண்டு நடக்கும் எண்டு அருமைநாயகியக்கா கனவிலையும் நினைக்கேல்லை. இப்ப மொட்டைத் தலையோடை ஒரு பிள்ளை முன்னாலை நிண்டு கையை நீட்டுது.

விதானையை நம்பாத மனிசி, ஏலக்காரனை நம்பாத மனிசி, பெத்த மகனையே நம்பாத மனிசி, அந்தக் கையை நம்பிட்டா. "ஓம் தம்பி. அங்கை விடு" எண்டு பானையைக் குடுத்தா. கோகுலன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். "நீ பொத்தடா. உனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?" எண்டா.

கோகுலன்ரை ஓட்டோவிலைதான் மூண்டு பேரும் காங்கேசன்துறைக்குப் போனவை. ஜெயசுதன் திரும்பக் காற்சட்டையைப் போட்டு, பானையைத் தன்ரை தோள்பைக்குள்ளை வைச்சு, பையை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தான். வழி முழுக்க அக்கா சொல்லிக்கொண்டு வந்தா. எறியக்கூடாது, கயித்திலை கட்டி மெல்ல இறக்கவேணும். துணியை முதல் அவிழ். அப்பாவின்ரை பேரைச் சொல்லு, சத்தமாச் சொல்லு, காத்துக்குக் கேக்காது. அவன் எல்லாத்துக்கும் "ஓம் அக்கா, ஓம் அக்கா" எண்டான். "வீடியோ எடுத்து அனுப்புறன்" எண்டான். "வீடியோ வேண்டாம், நீ விட்டால் காணும்" எண்டா. அண்டைக்கு அவவின்ரை முகத்தைப் பாத்திருந்தால் துறையிலை ஒருத்தனும் அவ எண்டு மட்டுப்பிடிச்சிருக்கமாட்டான்.

துறைமுக வாசலிலை கம்பிவேலி. வேலிக்கு உள்ளுக்கை ஒரு கூடாரம் போட்டு, பை சோதிக்கிற இடம். புதுசா ஏறுற சனம் பெட்டியளோடை வளைஞ்சு வளைஞ்சு நிண்டுது. அங்காலை பெரிய தொப்பி போட்டுக்கொண்டு கஜந்தினி கையைக் காட்டினா. ஜெயசுதன் உள்ளுக்குப் போனான். அக்கா வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு வெளியிலை நிண்டா. எல்லாம் தெரியும், எல்லாம் கேக்கும், அவ்வளவு கிட்ட.

அவன் பயந்தமாதிரியே அட்டையைக் காட்ட, திரையிலை கறுத்த மயிரும் மீசையுமா ஒரு ஐயா வந்தார். காவல்காரப் பெடியன் திரையைப் பாத்தான், மொட்டையைப் பாத்தான், திரும்பத் திரையைப் பாத்தான். பாஸ்போட்டிலையும் மயிர். பெரியவர் ஒருத்தரைக் கூப்பிட்டாங்கள். பின்னாலை நிண்ட சனம் முணுமுணுத்துது. ஒருமாதிரிக் கஜந்தினி சாட்சி சொல்லி அது தீர்ந்தது. ஆனால் அவங்கள் இப்ப உசாராயிட்டாங்கள். "பையைத் திறவுங்கோ ஐயா."

வெள்ளைத் துணி கட்டின பானை வெளியிலை வந்தது.

"இது என்ன?"

ஜெயசுதன் வாயைத் திறந்தான். கஜந்தினி அவன்ரை முழங்கையைப் பிடிச்சு, இப்ப மெல்ல மெல்லப் பிரிச்செல்லாம் கதைக்கேல்லை, நல்ல கெதியாச் சொன்னா: "சாம்பல் எண்டு சொன்னால் கடிதம் கேப்பாங்கள், அங்கை இங்கை எண்டு இழுப்பாங்கள். கப்பலை விட்டிட்டு நிக்கப்போறியளோ? தெரியாதெண்டு சொல்லுங்கோ."

அவன் வேலிப் பக்கம் திரும்பினான். அக்காவைக் கண்டான். கண்டுபோட்டுக் கண்ணை எடுத்தான்.

"என்ரை இல்லை" எண்டான். "அந்தா, வெளியிலை நிக்கிற அந்த அம்மா, ஒரு பார்சல் கொண்டுபோகச் சொல்லித் தந்தவ. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது."

கப்பலுக்குள்ளை விடாத சாமான்களுக்கு எண்டு அங்கை ஒரு மேசை கிடந்தது. சாராயப் போத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி, ஆரோ கொண்டந்த கருவாட்டுப் பொதி. நல்லம்மாவை அதுக்கு நடுவிலை தூக்கி வைச்சாங்கள். ஜெயசுதன் அட்டையைக் கழுத்திலை மாட்டிக்கொண்டு தள்ளி நிண்டான். போகச் சொல்லேல்லை அவங்கள், விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு நிப்பாட்டி வைச்சிருந்தாங்கள்.

காவல்காரப் பெடியன் பானையைத் தன்ரை உடம்பிலை முட்டாமல் ஒரு கையாலை தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். "அம்மா, இது நீங்கள் குடுத்ததோ? உள்ளுக்கை என்ன?"

"என்ரை அம்மா" எண்டா அருமைநாயகியக்கா.

பெடியனுக்கு முகம் மாறிட்டுது. மற்றக் கையையும் குடுத்துப் பானையைப் பிடிச்சான். குனிஞ்சு, பிள்ளையைக் குடுக்கிறமாதிரி அவவின்ரை கையிலை குடுத்தான். அக்கா வாங்கி, துணி முடிச்சு அவிழேல்லையோ எண்டு பாத்து, இடுப்பிலை வைச்சா. அழேல்லை. திட்டவும் இல்லை. அவ்வளவு வரியமாச் சேத்து வைச்ச திட்டு ஒண்டும் இவனுக்குக் காணாது எண்டு விட்டாவோ தெரியாது. கோகுலனைப் பாத்து, "எடடா ஓட்டோவை. கீரிமலைக்கு" எண்டா.

"அம்மா, ஒரு நிமிசம்" எண்டு பெடியன் பின்னாலை வந்தான். "அந்த ஐயா உங்களுக்கு என்ன முறை? அவர் உங்களைத் தெரியாதமாதிரிக் கதைக்கிறார். பொய் சொன்னவரெண்டால் நாங்கள் ஏத்தமாட்டம்."

உள்ளுக்கை ஜெயசுதன் இஞ்சைதான் பாத்துக்கொண்டு நிண்டான். வெயிலிலை அவன்ரை தலை மினுங்கிச்சுது. ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரை சேத்துப் பிடிச்சிருந்தான், கும்பிடுறமாதிரி. அருமைநாயகியக்கா அவனை மேலையிருந்து கீழைவரை ஒருக்காப் பாத்தா.

"எனக்கு அவர் ஆரெண்டு தெரியாது தம்பி" எண்டா. "மொட்டையைப் பாத்தன். ஆரோ ஒரு தாய்க்குப் பிள்ளையாக்கும் எண்டு நினைச்சிட்டன்."